மேனேஜர் மனசு வைத்தால்…

“அத்தை, மிக்ஸியைக் கொஞ்சம் நிறுத்துங்க, கால்ல இருக்கேன்!”

தென்காசிப் பக்கம் என் தங்கையின் புகுந்த வீட்டில் மூன்று வருஷத்துக்கு மேல் மாலை ஆறரை மணிக்குக் கேட்ட குரல் இது. நியூயார்க்கில் காலை ஒன்பது ஆகும்போது நமக்கு மாலை ஆறரை. குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்துவிட்டால் ஏழரை. நம் வீடுகளில் ராத்திரி இட்லிக்குச் சட்னி அரைக்கிற நேரமும் அதுதான். ஒரு மாதம் பார்த்த அத்தை, ஐந்தரைக்கே சட்னியை அரைத்து மூடி வைக்கப் பழகிக்கொண்டார். குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவது மாமாவின் பொறுப்பு. ஒருத்தி வீட்டிலிருந்து வேலை பார்க்க, அந்த வீடே ஷிஃப்ட் பார்த்தது.

2020 மார்ச்சில் ஊரடங்குக்குச் சில நாள் முன்பு, லேப்டாப் பையும் இரண்டு வாரத்துக்கான துணியுமாகப் பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவள் அவள். இரண்டு வாரம் வருஷக்கணக்காக நீண்டது. குழந்தை பிறந்தது. பேறுகால விடுப்பு முடிந்து திரும்பியபோது டீம் லீட் போனில் சொன்னார்: “நீங்க அங்கேருந்தே பாத்துக்கலாம், ஒண்ணும் பிரச்சினை இல்ல.” அந்த வாக்கை நம்பி வேளச்சேரி வாடகை வீட்டைக் காலி செய்தார்கள். மாப்பிள்ளை ஊரிலேயே கடை எடுத்தார். 2023 கடைசியில் மின்னஞ்சல் வந்தது: அடுத்த மாதத்திலிருந்து வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும். டீம் லீட் அதற்குள் வேறு கம்பெனிக்கு மாறிப்போயிருந்தார். ராத்திரி முழுக்கத் தேடியதில் அவள் கையில் சிக்கியது, பழைய வாட்ஸ்அப் உரையாடலில் ஒரு கட்டைவிரல் படம் மட்டும்தான்.

“எழுத்துல எதுவும் இல்லண்ணே” என்றாள் என்னிடம்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பது நல்லதா கெட்டதா என்று நாம் ஆறு வருஷமாகப் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம். இரண்டு அணியும் நன்றாகவே பேசின. அந்த ஏற்பாடு யார் கையில் இருக்கிறது, அதை யார் எப்போது திரும்ப எடுத்துக்கொள்ள முடியும் என்ற கேள்வியை மட்டும் யாரும் மேடையேற்றவில்லை. என் தங்கைக்கு நடந்ததைப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது.

பழைய யோசனை, புதிய அவசரம்

இந்த யோசனைக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. 1973-இல் அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஜாக் நில்ஸ், ஆட்களை வேலைக்குக் கொண்டுபோவதற்குப் பதில் வேலையை ஆட்களிடம் கொண்டுபோனால் என்ன என்று கேட்டு, அதற்கு ‘டெலிகம்யூட்டிங்’ என்று பெயரும் வைத்தார். அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி அமெரிக்காவில் பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டதும் அதே வருஷம்தான். அவர் மனதில் இருந்தது வீட்டுச் சமையலறை மேசை மட்டும் இல்லை. ஊழியர்கள் குடியிருக்கும் இடத்துக்கு அருகிலேயே சிறுசிறு கிளை அலுவலகங்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாம் நேர்மாறான திசையில் போனோம். 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. பிறகு பெருங்குடி, சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று பழைய மகாபலிபுரம் சாலை முழுக்கக் கண்ணாடிக் கட்டடங்கள். சங்கரன்கோவிலிலும் விருத்தாசலத்திலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகளை ஒரே சாலையில் கொண்டுபோய் அடைத்தோம். ஆவடியிலிருந்து அந்தச் சாலைக்குப் போய் வருகிற ஒருவர் தன் நாளில் எத்தனை மணி நேரத்தை வண்டியில் விடுகிறார் என்று அவர் வீட்டுக் குழந்தைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

சட்டமும் வழிமறித்துதான் நின்றது. கால் சென்டர், பி.பி.ஓ. ஊழியர் ஒருவரை வீட்டிலிருந்து வேலை பார்க்க வைக்க, 2020-க்கு முன் தொலைத்தொடர்புத் துறையிடம் நிறுவனம் பதிவு, உத்தரவாதம் என்று ஏகப்பட்ட சடங்குகளைச் செய்ய வேண்டியிருந்தது. 2020 நவம்பரில் அவற்றை ஒரே வீச்சில் எடுத்தார்கள். சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கு 2022 ஜூலையில் 43ஏ என்ற புதிய விதி வந்து, பாதி ஊழியர்கள் வரை வெளியிலிருந்து வேலை பார்க்க இடம் கொடுத்தது. அந்த டிசம்பரிலேயே வரம்பு முழுமைக்கும் நீண்டது. பல வருஷம் நகராத கல் சில மாதத்தில் நகர்ந்தது. மனமிருந்தால் அரசாங்கத்துக்கு இது கடினமான வேலை இல்லை.

பெரிய நிறுவனங்களும் அப்போது பெரிய வார்த்தைகள் சொல்லின. 2025-க்குள் நான்கில் ஒரு பங்கு ஊழியர்கள் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று டி.சி.எஸ். 2020-இல் அறிவித்தது. 2023 அக்டோபரில் அதே நிறுவனம் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. ஒரு நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொள்ளலாம், அதற்கு அதற்கென்று காரணங்கள் இருக்கும். முதல் அறிவிப்பை நம்பி ஊரில் வீடு கட்டியவருக்கு, பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தவருக்கு, யார் பதில் சொல்வது?

‘லாம்’

2017-இல் திருத்தப்பட்ட பேறுகாலப் பயன் சட்டம் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது எல்லோருக்கும் தெரியும். ஐம்பதோ அதற்கு மேலோ ஊழியர் இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றதும் பலருக்குத் தெரியும். அதே திருத்தத்தில் பலர் கவனிக்காத ஓர் உட்பிரிவு இருந்தது. விடுப்பு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இருவரும் பேசி ஒத்துக்கொள்ளும் நிபந்தனைகளில் அந்தப் பெண்ணை வீட்டிலிருந்து வேலை பார்க்க முதலாளி அனுமதிக்கலாம் என்றது அது.

அனுமதிக்கலாம். என் தங்கையின் டீம் லீட் சொன்னதும் ‘பாத்துக்கலாம்’தான். தமிழில் இந்த ‘லாம்’ மிகவும் இதமான விகுதி. வரலாம், போகலாம், சாப்பிடலாம். கேட்கும்போது கதவு திறந்திருப்பதுபோல் இருக்கும். கதவின் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. சேவைத் துறைக்கான மாதிரி நிலையாணை வரைவை மத்திய தொழிலாளர் அமைச்சகம் 2020 டிசம்பர் 31 அன்று வெளியிட்டபோது, வீட்டிலிருந்து வேலை என்பது அதில் முதன்முறையாக இடம்பெற்றது. நல்ல தொடக்கம். அங்கேயும் அதே ‘லாம்’.

வேறு நாடுகள் இந்த விகுதியை மாற்றிப் பார்த்திருக்கின்றன. போர்ச்சுகல் 2021 கடைசியில் நிறைவேற்றி 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டப்படி, எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ளவர் சில நிபந்தனைகளோடு வீட்டு வேலை ஏற்பாட்டை உரிமையாகவே கேட்க முடியும். வீட்டில் கூடுதலாகும் மின்சார, இணையச் செலவை நிறுவனம் தர வேண்டும். வேலை நேரம் முடிந்த பிறகு, அவசரம் இருந்தாலொழிய, ஊழியரைத் தொடர்புகொள்ளக் கூடாது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒருவர் நெகிழ்வான நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். நிறுவனம் மறுக்க வேண்டுமானால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். பெரிய புரட்சி எதுவும் இல்லை. மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டும் என்ற இந்தச் சின்ன மாற்றமே ஓர் ஊழியரின் முதுகை நிமிர்த்திவிடும்.

இங்கேயும் ஒரு முயற்சி நடந்தது. வேலை நேரத்துக்குப் பின் போனை எடுக்காமல் இருக்கும் உரிமைக்காக சுப்ரியா சுலே 2018 டிசம்பரில் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. 2025 டிசம்பரில் மறுபடியும் கொண்டுவந்தார்.

மூன்று நாள் புயல்

‘நெகிழ்வு’ என்ற சொல்லைத் தமிழ்நாடு ஒருமுறை வேறு முகத்தோடு பார்த்தது. 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. நெகிழ்வான வேலை நேரம் என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். உள்ளே இருந்தது, ஒரு நாள் வேலையைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்டும் வழி. வாரம் 48 மணி மாறாது, நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுப்பு, ஊழியர் விரும்பினால் மட்டும் என்று அரசுத் தரப்பு விளக்கியது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில், 24-ஆம் தேதி, மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடி அன்றைக்குச் சரியாக நூறு ஆண்டு.

அந்த எதிர்ப்பு நியாயமானது என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். நான்கு நாள் வாரம் கெட்ட யோசனை என்பதால் இல்லை. ஒரகடத்தில் கன்வேயர் முன் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி ‘எனக்கு விருப்பமில்லை’ என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் அதே கேட்டுக்குள் நுழைய முடியுமா என்ற கேள்விக்கு அந்த மசோதாவில் பதில் இல்லை. விருப்பம் என்ற சொல், மறுக்க முடிகிறவருக்கு மட்டுமே பொருள்படும். தொழிற்சங்கங்கள் இதை உடனே புரிந்துகொண்டன. லேப்டாப் பை மாட்டிய நாமோ, அதே பன்னிரண்டு மணி நேரத்தை எந்த மசோதாவும் இல்லாமல் வீட்டு மேசையில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஷாங்காய் தந்த கணக்கு

வீட்டில் விட்டால் வேலை நடக்குமா என்ற சந்தேகத்துக்கு நல்ல பதில் சீனாவில் கிடைத்தது. சீட்ரிப் என்ற பயண நிறுவனம், ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் நிக்கலஸ் புளூமோடு சேர்ந்து, 2010 டிசம்பரிலிருந்து ஒன்பது மாதம் தன் ஷாங்காய் கால் சென்டரில் ஒரு சோதனை நடத்தியது. சுமார் 500 பேர் தாங்களாக முன்வந்தார்கள். வீட்டில் தனி அறை, பிராட்பேண்ட் இணைப்பு, ஆறு மாதப் பணி அனுபவம் என்ற தகுதிகளை வைத்ததும் 249 பேர் தேறினார்கள். அதில் பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்கள் வாரம் நான்கு நாள் வீட்டிலிருந்து, ஐந்தாவது நாள் அலுவலகத்தில். மற்றவர்கள் வழக்கம்போல்.

வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். பத்திரிகைகள் இந்த இரண்டு எண்ணோடு நிறுத்திக்கொண்டன. எனக்கு முக்கியமாகப் படுவது மற்ற இரண்டு விஷயங்கள். நன்றாக வேலை செய்தும், அந்த வேலைக்கு ஏற்ற பதவி உயர்வு வீட்டிலிருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. கண்ணில் படாதவர் கருத்திலும் இல்லை. சோதனை முடிந்து ‘இனி உங்கள் விருப்பம்’ என்றதும், வீட்டிலிருந்த பலர் தனிமை தாங்காமல் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். அப்படி அவரவருக்கு ஒத்துவருவதை அவரவரே தேர்ந்தெடுத்த பிறகு, வேலையில் கிடைத்த ஆதாயம் 22 சதவீதமாக ஏறியது.

அதே நிறுவனத்தில் 1,612 பேரை வைத்துச் செய்த அடுத்த சோதனை 2024-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. வாரம் இரண்டு நாள் மட்டும் வீடு. வேலைத் தரமும் பதவி உயர்வும் குறையவில்லை. வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, அதிலும் பெண்களிடமும் தொலைவிலிருந்து வருகிறவர்களிடமும். சோதனைக்கு முன் ‘வேலை கெடும்’ என்று சொன்ன மேலாளர்கள் முடிவில் கருத்தை மாற்றிக்கொண்டார்கள்.

தனி அறை என்ற தகுதியை மறுபடி பாருங்கள். ஷாங்காயில் அது இல்லாதவரைச் சேர்க்கவே இல்லை. நம்மூரில் இரண்டு அறை வீட்டில், கட்டில் ஓரத்தில், தலையணை மேல் லேப்டாப்பை வைத்து வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர்! பெண்ணாக இருந்தால் இன்னொரு பாரம் சேரும். 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 88. வீட்டில் ‘சும்மா’ இருக்கிறாளே என்ற பார்வை லேப்டாப் திறந்திருந்தாலும் மாறுவதில்லை. என் தங்கைக்கு அத்தையும் மாமாவும் வாய்த்தார்கள். எல்லோருக்கும் வாய்க்காது, அதை நம்பி ஒரு கொள்கையை எழுதவும் முடியாது.

பக்கத்து ஊர் அலுவலகம்

ஜாக் நில்ஸின் கிளை அலுவலகங்கள் இங்கேதான் நினைவுக்கு வருகின்றன. 2011-இல் தென்காசியில் சோஹோ ஒரு சிறு அலுவலகத்தைத் தொடங்கியபோது பலரும் அதை ஒருவரின் ஊர்ப்பாசம் என்றுதான் நினைத்தார்கள். பக்கத்துக் கிராமமான மத்தளம்பாறைக்கு அந்த அலுவலகம் மாறி வளர்ந்தது, நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-இல் அந்த ஊருக்கே குடிவந்தார், ஊரடங்குக்குப் பிறகு அந்நிறுவனம் சிற்றூர்களில் சிறு அலுவலகங்களைத் திறந்தது. அரசும் அந்தப் பாதையில் வந்திருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில் 2024 பிப்ரவரியிலும், தஞ்சாவூரிலும் சேலத்திலும் அந்த ஆண்டு செப்டம்பரிலும், தூத்துக்குடியில் டிசம்பரிலும் மினி டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டன.

பெரிய நிறுவனங்கள் இவற்றில் ஐம்பது நாற்காலி எடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சேலத்துப் பெண் சேலத்திலேயே பேட்ஜ் தேய்த்து உள்ளே போவாள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கும். பக்கத்து நாற்காலியில் பேசுவதற்கு ஆள் இருக்கும். ஐந்தரைக்கு வீடு திரும்பினால் பிள்ளைக்கு அம்மா இருப்பாள். மழைக்காலமும் கணக்கில் சேரும். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் 15 முதல் 18 வரை வீட்டிலிருந்து வேலை கொடுங்கள் என்று அரசே சென்னை ஐ.டி. நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. வேளச்சேரியில் தண்ணீர் நின்றால் வேலை நிற்கும் என்கிற நிலையிலிருந்து வெளியே வர, வேலை நாலு ஊரில் பரவியிருப்பதே நல்லது.

லேப்டாப் இல்லாதவர்கள்

இவ்வளவு நேரம் ஐ.டி. பற்றியே பேசிவிட்டேன். ரங்கநாதன் தெருவில் புடவை விரித்துக் காட்டுகிற பெண் எந்த வீட்டிலிருந்து வேலை பார்ப்பாள்? அவளுக்கு உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்பதற்கே தமிழ்நாடு 2021-இல் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்க வேண்டியிருந்தது. அவளுடைய நெகிழ்வு வேறு: அடுத்த வார டூட்டி இந்த வாரமே தெரிய வேண்டும். அவசரத்துக்குத் தோழியோடு ஷிஃப்ட் மாற்றிக்கொண்டால் சூப்பர்வைசர் முகம் கோணக் கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பாதி நாள் போய்வர வேண்டும், அதற்கு முழு நாள் சம்பளத்தை வெட்டக் கூடாது. மருத்துவமனை நர்ஸுக்கும் அபார்ட்மென்ட் காவலாளிக்கும் இதேதான். இதற்கு நிறுவனம் செலவழிக்க வேண்டியது ஒரு தாளும், அதைச் சுவரில் ஒட்டக் கொஞ்சம் பசையும்தான்.

ஆஃபர் லெட்டரில் ஒரு பக்கம்

என் தங்கை அந்த வேலையை விட்டுவிட்டாள். பதினொரு மாதம் வீட்டில் இருந்தாள். அந்த மாதங்களில் மிக்ஸி எப்போது வேண்டுமானாலும் ஓடியது, அந்தச் சத்தம் அத்தைக்கே பிடிக்கவில்லை என்று சொன்னார்கள். பிறகு ஒரு சிறு நிறுவனத்தில் வாய்ப்பு வந்தது. நேர்காணல் முடிந்து ஆஃபர் லெட்டர் வந்ததும் என்னைக் கூப்பிட்டாள். இருவரும் உட்கார்ந்து, அவள் கேட்க வேண்டியதை ஒரு பக்கத்தில் எழுதினோம்.

வேலை பார்க்கும் இடம் தென்காசி என்று கடிதத்திலேயே இருக்க வேண்டும். மாற்றுவதானால் ஆறு மாதம் முன்னறிவிப்பு. எல்லோரும் சேர்ந்திருக்கும் நேரம் பிற்பகல் மூன்றிலிருந்து ஏழு வரை, மீதி நான்கு மணி நேரத்தை அவளே வைத்துக்கொள்வாள். கூட்டத்தில் எடுத்த முடிவுகளை எழுதிப் போட வேண்டும், போனில் சொன்னது கணக்கில்லை. யு.பி.எஸ்., நாற்காலி, இணையக் கட்டணம் நிறுவனத்துடையது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சென்னை அலுவலகத்துக்கு ஒரு வாரம் போவாள், ரயிலும் தங்குமிடமும் அவர்கள் செலவு. ஆண்டு மதிப்பீட்டில் ‘நேரில் இருப்பது’ என்ற அளவுகோல் இருக்கக் கூடாது. இரவு ஒன்பதுக்குப் பிறகு வரும் செய்திக்கு மறுநாள்தான் பதில்.

அனுப்புவதற்கு முன் அவளுக்குக் கை நடுங்கியது. “ரொம்பக் கேக்குறோமாண்ணே? வேற ஆளைப் பாத்துட்டா?” என்றாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஒரு வேலைக்கு ஆயிரம் பேர் நிற்கும் ஊரில், இப்படிக் கேட்கும் துணிச்சலைத் தனி ஒருத்தியின் தலையில் சுமத்துவதே தவறு. போர்ச்சுகல்காரிக்கு இதில் பாதியைச் சட்டமே எழுதிக் கொடுத்துவிடுகிறது.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இடமும் முன்னறிவிப்பும் சரி, ஆனால் மூன்று மாதம். பொதுநேரம், எழுத்து, யு.பி.எஸ்., சென்னைப் பயணம் எல்லாம் சரி. மதிப்பீட்டு அளவுகோலை எல்லோருக்குமே மாற்றப்போவதாக எழுதியிருந்தார்கள். இரவு ஒன்பது மணி நிபந்தனைக்கு மட்டும் சம்மதிக்கவில்லை, வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருக்கிறார் என்று காரணம் சொன்னார்கள். காரணத்தை எழுத்தில் சொன்னார்கள்.

அவள் சேர்ந்துவிட்டாள். அந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவில் வைத்திருக்கிறாள். ஒன்பது மணி விஷயத்தை அடுத்த மதிப்பீட்டில் மறுபடி கேட்கப் போவதாகச் சொன்னாள்.